பழைய கணனியில் காசு எங்கே இருக்கிறது?



இந்த இதழின் பாடம் பாவித்த கணனிகளைப் பற்றியது. நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கொழும்பிலும் கண்டியிலும் கடைகளில் வேலை செய்கிறார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வீட்டுக்கு வரும்போது சிலர் உரப்பையில் பழைய கணனிச் சாமான்களையும் கொண்டுவருகிறார்கள். “கடையில் தூக்கிப் போடுறாங்க, இதை உடைச்சு வித்தா நல்ல காசு, உள்ளுக்குத் தங்கம் இருக்கு” என்பது அவர்கள் சொல்லும் கதை. பெற்றோருக்கு இது புரிவதில்லை. தடுப்பதா, விடுவதா என்று என்னிடம் கேட்கிறார்கள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பழைய கணனியில் காசு இருப்பது உண்மை. ஆனால் தம்பிமார் நினைக்கிற இடத்தில் அது இல்லை. ஓடக்கூடிய நிலையில் இருக்கிற பாகத்தில்தான் காசு அதிகம். உடைத்தால் காசு குறையும். எரித்தால் காசும் குறையும், நம் பிள்ளைகளின் உடம்பும் கெடும். இதைக் கணக்கோடு விளங்கிக்கொள்வதே இந்தப் பாடம்.

1. பழைய கணனிகள் எங்கிருந்து வருகின்றன?

கணனி பழுதானால்தான் தூக்கிப் போடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணனியையும் கம்பனிகள் கழிக்கின்றன. அதற்கு ஒரு காரணத்தைச் சொல்கிறேன். உலகத்தில் நிறையக் கணனிகள் விண்டோஸ் 10 என்ற மென்பொருளில் ஓடின. அதற்குக் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவை அந்தக் கம்பனி 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி நிறுத்திக்கொண்டது. அடுத்ததான விண்டோஸ் 11, பழைய கணனிகள் பலவற்றை ஏற்பதில்லை. இன்டெல் மூளை உள்ள கணனி என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். அதனால் காரியாலயங்கள் பழையவற்றை மொத்தமாகக் கழிக்கின்றன.

தலைமுறையைக் கண்டுபிடிப்பது சுலபம். பெட்டியில் ஒட்டியிருக்கும் எண்ணையோ, கணனியை இயக்கியதும் திரையில் காட்டும் எண்ணையோ பாருங்கள். ஐ5-4590 என்று இருந்தால் 4ஆம் தலைமுறை. ஐ5-8500 என்றால் 8ஆம் தலைமுறை. ஐ5-10400 என்றால் 10ஆம் தலைமுறை. கோட்டுக்குப் பிறகு நான்கு எண் இருந்தால் பொதுவாக முதல் எண்ணையும், ஐந்து எண் இருந்தால் முதல் இரண்டு எண்களையும் பார்க்க வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே வாங்கும் இடத்தில் ஏமாற மாட்டீர்கள். 8க்கு மேற்பட்டதற்கு எப்போதும் கூடுதல் விலை உண்டு. அதற்குக் கீழ்ப்பட்டது ஆகாத சாமான் என்று அர்த்தமில்லை. அதில் லினக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதவும் படிக்கவும் தாராளமாகப் போதும்.

2. தரம் பிரித்தல்

இந்தத் தொழிலின் உயிர்நாடி தரம் பிரித்தல். இதை நமக்கு வெளியாள் யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் நடப்பதும் அதுதானே. ஒரே கொழுந்துதான் உள்ளே போகிறது. வெளியே வரும்போது பிஓபி, பிஓபிஎப், டஸ்ட் என்று பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விலை போடுகிறார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி மூட்டை கட்டினால் குப்பைத்தூள் விலைதான் கிடைக்கும்.

கணனியையும் மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும்.

முதற் குவியல்: முழுசாக ஓடுகிற கணனி, அல்லது சின்ன வேலை செய்தால் ஓடக்கூடியது.

இரண்டாம் குவியல்: கணனி ஓடாது, ஆனால் அதன் உள்ளே இருக்கும் பாகங்கள் நல்லவை.

மூன்றாம் குவியல்: ஒன்றுக்கும் உதவாதவை. இரும்பு, அலுமினியம், செம்பு, மின்பலகை என்று நிறுத்து விற்பதற்கு உரியவை.

ஒரு கணனியை நேராக மூன்றாம் குவியலில் போடக்கூடாது. முதல் இரண்டுக்கும் ஆகாது என்று சோதித்துப் பார்த்த பிறகே அங்கே போக வேண்டும்.

3. செத்ததென்று சொல்வதற்கு முன்

“ஓடாது” என்று கழித்த கணனிகளில் கணிசமானவை மிகச் சின்னக் காரணத்துக்காக நின்றவை. கீழே சொல்லும் மூன்றையும் முதலில் செய்து பாருங்கள். கணனியைத் திறக்குமுன் மின்சார வயரைக் கழற்றிவிட வேண்டும். பாகத்தைத் தொடுமுன் பெட்டியின் இரும்பைக் கையால் ஒருதடவை தொட வேண்டும். நம் உடம்பில் சேரும் மின் பொறி நுண்ணிய பாகங்களைச் சாகடித்துவிடும்.

முதலாவது ரேம். சீப்பு மாதிரி நீளமாக, ஓரத்தில் மஞ்சள் பற்களோடு இருக்கும் சின்னப் பலகை. நம் மலைநாட்டு ஈரத்தில் அந்தப் பற்களில் ஊத்தை படியும். கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியை ஊதிவிட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது பொத்தான் பெட்டரி. தாய்ப்பலகையில் காசு வடிவில் இருக்கும். அது இறங்கினால் மணியும் திகதியும் மாறிப்போகும், சில கணனிகள் இயங்கவும் மறுக்கும். புதிது போட்டால் போதும். இந்தப் பெட்டரியைப் பற்றி இன்னொரு முக்கியமான விஷயமும் இருக்கிறது. பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது தூசியும் சூடும். கணனியின் மூளைக்கு மேலே அலுமினியக் கட்டியும் காற்றாடியும் இருக்கும். இரண்டுக்கும் இடையில் பூசிய பசை காய்ந்துபோனால் கணனி சூடேறித் தானாக நின்றுவிடும். தூசியைத் தட்டி, காய்ந்ததைத் துடைத்து, புதுப் பசையைப் பயற்றம்விதை அளவு வைத்தால் சரியாகும்.

இதற்குப் பிறகும் ஓடாவிட்டால் பாகங்களைத் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

பவர் சப்ளை: மல்டிமீட்டர் வைத்து அளக்க வேண்டும். மஞ்சள் வயரில் 12 வோல்ட், சிவப்பில் 5 வோல்ட், செம்மஞ்சளில் 3.3 வோல்ட் வர வேண்டும். 12 வர வேண்டிய இடத்தில் 11.4க்குக் கீழே வந்தால் அதை விற்கக் கூடாது. வாங்கியவரின் கணனியையும் அது கெடுத்துவிடும்.

தாய்ப்பலகை: சின்னப் பீப்பா மாதிரி நிற்கும் பாகங்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ கசிந்திருந்தாலோ பலகை போய்விட்டது.

ஹார்ட் டிஸ்க்: “டக் டக்” என்று அடித்தால் அதன் ஆயுள் முடிகிறது. சத்தமில்லாவிட்டாலும், அதன் ஆரோக்கியத்தைக் காட்டும் இலவச மென்பொருளில் பார்த்துவிட்டே விற்க வேண்டும்.

ரேம் விற்கும்போது வகையைச் சரியாகச் சொல்ல வேண்டும். டிடிஆர்3 வகை 2007 அளவில் வந்தது. பெரிய கணனிக்கான அதில் 240 பற்கள். டிடிஆர்4 2014இல் வந்தது, அதில் 288 பற்கள். மடிக்கணனிக்கான சின்ன ரேமில் டிடிஆர்3க்கு 204, டிடிஆர்4க்கு 260. நடுவில் உள்ள வெட்டும் இடம் மாறியிருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட முடியாது. அழுத்திப் போட்டால் இரண்டும் உடையும்.

4. ஒரு கணக்கு

கீழே வருவது சந்தை விலை அல்ல. கணக்குப் பழகுவதற்காக நான் போட்ட எண்கள். உங்கள் ஊர் விலையை விசாரித்து, அதே இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓடாத கணனிப் பெட்டிகள் பத்து வாங்குகிறோம். ஒன்று 4,000 ரூபா, மொத்தம் 40,000. லொறிக் கூலி 6,000. பொத்தான் பெட்டரி, பசை, வயர் போன்ற சில்லறைச் சாமான் 4,000. ஆக முதல் 50,000 ரூபா.

இரண்டு பேர் நான்கு நாள் உட்கார்ந்து சோதிக்கிறார்கள். ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பாகம் மாற்றி நான்கு கணனிகள் ஓடுகின்றன. ஒன்று 12,000 வீதம் 48,000. மிச்ச ஆறிலும் எடுத்த நல்ல பாகங்கள் 9,000. கடைசியில் நிறுத்து விற்றது 5,000. மொத்தம் 62,000. லாபம் 12,000. எட்டு ஆள் நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளுக்கு 1,500 ரூபா. இதை உங்கள் நாட்சம்பளத்தோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது அதே பத்தையும் சோதிக்காமல் சுத்தியலால் உடைத்து இரும்புக்கடைக்குக் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். பத்துக்கும் சேர்த்து 12,000 கிடைக்கிறது. சில்லறைச் சாமான் செலவு இல்லாவிட்டாலும் முதல் 46,000. நட்டம் 34,000 ரூபா!

இந்தக் கணக்கில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, 62,000 ரூபாவில் உடைத்து விற்ற காசு 5,000 மட்டுமே. மற்றதெல்லாம் ஓடுகிற சாமானில் வந்தது. இரண்டு, நான்குக்குப் பதில் மூன்று கணனிகள்தான் ஓடின என்றால் கிட்டத்தட்ட முழு லாபமும் போய்விடும். ஆகவே லாபம் விற்கும்போது வருவதில்லை, வாங்கும்போதே முடிவாகிறது. கண்ணால் பார்க்காமல், மூடி திறக்காமல் மூட்டையாக வாங்கக் கூடாது. ரேமும் ஹார்ட் டிஸ்கும் ஏற்கனவே உருவப்பட்ட வெறும் பெட்டியை முழுக் கணனி விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. கடன் வாங்கி இதில் இறங்கவே கூடாது.

5. தங்கம் உண்டா இல்லையா?

உண்டு. ரேமின் பற்களிலும், தாய்ப்பலகையின் ஊசிகளிலும், மூளைச் சில்லிலும் தங்கப் பூச்சு இருக்கிறது. நல்ல ரகக் கணனிப் பலகைகள் ஒரு தொன் சேர்ந்தால் அதில் 200 கிராம் அளவில் தங்கம் இருக்கும். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் நம் கைக்கு வருவது தொன் கணக்கிலா?

1,000 கிலோவுக்கு 200 கிராம் என்றால் ஒரு கிலோவுக்கு 0.2 கிராம். ஒரு தாய்ப்பலகை முக்கால் கிலோ என்று வைத்தால் 0.15 கிராம். ஒரு பவுண் 8 கிராம். அப்படியானால் ஒரு பவுண் சேர்க்க 54 பலகை வேண்டும். அதுவும் உள்ளே இருக்கும் தங்கம் ஒரு பொட்டும் வீணாகாமல் வந்தால்தான். இந்தியாவில் பெங்களூர் நகரத்துச் சின்னப் பட்டறைகளில் எசிட் வைத்து எடுத்ததைக் கணக்கிட்டு 2007இல் ஆய்வு வெளியானது. உள்ளே இருந்த தங்கத்தில் கால்வாசிதான் அவர்கள் கைக்கு வந்தது. பெல்ஜியம் போன்ற நாடுகளில் உள்ள பெரிய உருக்காலைகள் நூற்றுக்கு 95 பங்கு எடுக்கின்றன. கால்வாசி என்றால் ஒரு பவுணுக்கு 200 பலகைக்கு மேல் வேண்டும். புதிய பலகைகளில் பூச்சு இன்னும் மெல்லியது.

அந்த ஒரு பவுணுக்காக என்ன செய்ய வேண்டியிருக்கிறது? நைத்திரிக் எசிட்டையும் ஐதரோகுளோரிக் எசிட்டையும் காய்ச்ச வேண்டும். அதில் செம்மண் நிறத்தில் ஒரு புகை கிளம்பும். சுவாசித்தவருக்கு அந்த நேரம் லேசான இருமல்தான் இருக்கும். சில மணி நேரம் கழித்து நெஞ்சில் நீர் கோர்த்து மூச்சு முட்டும். உயிரும் போகலாம். மிஞ்சிய எசிட்டை எங்கே ஊற்றுவது? கானில் ஊற்றினால் அது பீலிக்குப் போகும். பீலித் தண்ணியைத்தான் கீழ் லயத்துச் சனம் குடிக்கிறது.

ஆகவே தங்கம் எடுப்பது நமக்கான தொழில் அல்ல. பலகையை முழுசாக, உடைக்காமல், நனையாமல் சேர்த்து, அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுத்தால் அதற்கு உரிய விலை கிடைக்கும். பலகையில் இருக்கும் சில்லுகளை நெருப்பில் காட்டிக் கழற்றினால் விலை குறையும். பழைய பலகைகளின் பற்றாசில் நூற்றுக்கு 37 பங்கு ஈயம். சூடு காட்டும்போது அதன் நச்சும் சுற்றி இருப்பவர்களுக்குப் போகும்.

6. வயரை எரிக்காதீர்கள்

இன்னொரு பழக்கம், வயரை எரித்துச் செம்பு எடுப்பது. காசுக் கணக்காகவே பாருங்கள். எரித்த செம்பு கறுத்து, சாம்பல் பிடித்திருக்கும். கத்தியால் தோல் சீவி எடுத்த செம்பு மினுமினுவென்று இருக்கும். மினுமினுப்பான செம்புக்குத்தான் இரும்புக்கடைக்காரர் கூட விலை போடுவார். தடித்த வயரைச் சீவுங்கள். மெல்லிய வயரைச் சீவாமல் அப்படியே வயராக நிறுத்து விற்றுவிடுங்கள்.

எரிப்பதால் உடம்புக்கு வருவதை இரண்டு ஊர்களின் கதையால் சொல்கிறேன்.

சீனாவில் குவாங்டாங் மாகாணத்தில் குயியூ என்று ஒரு ஊர். உலகத்துப் பழைய கணனிகள் அங்கே மலையாகக் குவிந்தன. வீட்டு வாசலிலேயே பலகையைச் சுட்டார்கள், எசிட்டில் ஊறவைத்தார்கள். அந்த ஊரில் ஆறு வயது வரையான 165 பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்த முடிவு 2007இல் வெளியானது. அவர்களில் 135 பிள்ளைகளுக்கு, அன்றைக்கு ஆபத்து எல்லை என்று வைத்திருந்த அளவைத் தாண்டி ஈயம் இருந்தது. வேலை செய்தவர்கள் பெரியவர்கள். ஈயம் ஏறியது பிள்ளைகளுக்கு! பின்னர் அரசாங்கம் தலையிட்டு, வீட்டுப் பட்டறைகளை மூடி, ஒரு கைத்தொழிற் பேட்டைக்குள் கொண்டுபோனது.

ஆபிரிக்காவில் கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் அக்போக்புளோஷி என்று ஒரு பழைய இரும்பு வளவு இருந்தது. அங்கே நாள் முழுக்க வயர் எரித்தார்கள். அந்த வளவில் மேய்ந்த கோழிகளின் முட்டையைச் சோதித்த அறிக்கை 2019இல் வந்தது. பெரியவர் ஒருவர் ஒரே ஒரு முட்டை சாப்பிட்டால், ஒரு நாளைக்குத் தாங்கக்கூடியது என்று ஐரோப்பா வகுத்த அளவைப்போல் 220 மடங்கு டயொக்சின் நஞ்சு உடம்பில் சேரும் என்று அதில் கண்டார்கள். பிளாஸ்டிக் வயர் எரியும் புகையில் உண்டாகும் நஞ்சு அது. 2021 யூலையில் அந்த வளவை அரசாங்கம் இடித்து அப்புறப்படுத்தியது.

நம் லயத்தை யோசித்துப் பாருங்கள். எட்டுக் காம்பராவுக்கு ஒரே கூரை. ஒரு வாசலில் எரித்தால் எட்டு வீட்டுக்கும் புகை. பக்கத்திலேயே கோழி மேயுது, பக்கத்திலேயே மரக்கறித் தோட்டம், பக்கத்திலேயே பிள்ளை மண்ணில் விளையாடுது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாடம் ஏறாது, கவனம் நிற்காது. பிள்ளையைப் படிக்கவைத்து மேலே கொண்டுவரத்தானே இவ்வளவு பாடுபடுகிறோம்? நான்கு கிலோ செம்புக்காக அதைக் கெடுத்துக்கொள்ளலாமா?

7. வீட்டில் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டியவை

பொத்தான் பெட்டரி: கழற்றிய உடனே மூடி இறுக்கமான போத்தலில் போட்டு, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். காசு மாதிரி மினுங்குவதால் சின்னப் பிள்ளைகள் வாயில் போடுவார்கள். தொண்டைக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்து புண்ணாகத் தொடங்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், காத்திருக்க வேண்டாம். வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸை அழைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பெட்டரி விழுங்கியிருக்கலாம் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

மடிக்கணனிப் பெட்டரியும் போன் பெட்டரியும்: உப்பியதை அமுக்கக் கூடாது, குத்தக் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது. தீப்பிடிக்கும். படுக்கிற காம்பராவில் வைக்கவே வேண்டாம்.

யூபிஎஸ் பெட்டரி: உள்ளே ஈயமும் எசிட்டும். உடைத்து ஈயம் உருக்குவது பெரிய ஆபத்து. முழுசாகவே விற்க வேண்டும்.

பழைய பெட்டி மொனிட்டர்: பின்பக்கம் நீண்டிருக்கும் கண்ணாடிக் குழாய் வகை. கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. உள்ளே காற்றில்லாததால் உடைத்தால் கண்ணாடி சிதறிக் கண்ணைக் குத்தும். வயரைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். இதை வாங்கவே வாங்காதீர்கள்.

பவர் சப்ளை: பெட்டியைத் திறக்காமல் வெளியிலிருந்து மட்டும் சோதியுங்கள். இதிலும் மின்சாரம் தங்கியிருக்கும்.

வேலை செய்யும் இடம்: அடுப்படியும் படுக்கையும் இல்லாத இடமாக இருக்கட்டும். ஸ்தோப்பில் செய்வதானால் கீழே பழைய சாக்கு விரித்துச் செய்யுங்கள். தூசியைக் கூட்டிப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடையுங்கள். கை கழுவாமல் சாப்பிடவும், பிள்ளையைத் தூக்கவும் வேண்டாம். வயிற்றுப் பிள்ளைக்காரிகளும் சின்னப் பிள்ளைகளும் அந்தப் பக்கம் வரவே கூடாது.

8. சட்டமும் நாணயமும்

சாமான் யாரிடம் வாங்கினாலும் பற்றுச்சீட்டு எடுங்கள். திகதி, விற்றவர் பெயர், அடையாள அட்டை எண், சாமான் விபரம் நான்கும் அதில் இருக்க வேண்டும். களவு போன மடிக்கணனி உங்கள் கையில் பிடிபட்டால் “எனக்குத் தெரியாது” என்று சொல்வது போதாது. சந்தை விலையில் கால்வாசிக்கு ஒருவர் புது மடிக்கணனி நீட்டினால் அதைத் தொடாதீர்கள். முதலாளி கடையிலிருந்து கொண்டுவரும் சாமானுக்கும் இதுவே விதி. “தூக்கிப் போட்டது” என்றாலும் ஒரு துண்டில் எழுதி வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

ஹார்ட் டிஸ்கில் முன்னைய சொந்தக்காரரின் படங்கள், வங்கி விபரம், கடிதங்கள் இருக்கும். சும்மா அழித்தால் அவை போகாது, திரும்ப எடுக்க முடியும். முழு டிஸ்கின் மேலும் வெற்றுத் தகவலை எழுதி அழிக்கும் இலவச மென்பொருள்கள் உண்டு. அப்படி அழித்த பிறகே விற்க வேண்டும். அழிக்க முடியாத பழுதான டிஸ்கில் உள்ளே இருக்கும் தட்டைத் துளைத்துவிட வேண்டும். சில தட்டுகள் கண்ணாடியாலானவை, கண்ணுக்குக் காப்பு போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டுப் பொம்பளைப் பிள்ளையின் படம் நம் கையால் வெளியே போனால் அந்தப் பாவத்துக்கு விலை இல்லை.

பாவித்த பாகத்தை வாங்கி விற்பது வியாபாரம். கழிவைச் சேர்த்து உடைப்பது வேறு விஷயம். 2008இல் வெளியான ஒழுங்குவிதிகளின்படி மின்னணுக் கழிவு பட்டியற்படுத்தப்பட்ட கழிவு வகையில் சேர்கிறது. அதைச் சேகரிக்கவும், களஞ்சியப்படுத்தவும், மீள்சுழற்சி செய்யவும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆகவே ஒருதடவைக்கு இரண்டு மூன்று கணனி என்பதைத் தாண்டி இறங்க நினைப்பவர்கள் அதிகாரசபையின் மாவட்டக் காரியாலயத்தில் முதலில் விசாரியுங்கள். அனுமதி பெற்ற சேகரிப்பாளர்களின் விபரத்தையும் அங்கேயே கேட்கலாம். கடைப் பெயர் வைத்துத் தொழில் செய்வதானால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும்.

விற்கும்போதும் நாணயம் வேண்டும். பாவித்தது என்றால் பாவித்தது என்றே சொல்லுங்கள். ஒரு வாரம் சோதித்துப் பார்க்க அவகாசம் கொடுங்கள். ஹட்டனிலோ பதுளையிலோ இருக்கிற ஒரு சின்ன ரிப்பேர் கடைக்காரருக்கு உங்கள் வார்த்தையில் நம்பிக்கை வந்துவிட்டால், அடுத்த தடவை அவரே கூப்பிட்டு என்ன பாகம் வேண்டும் என்று சொல்வார்.

9. எப்படி ஆரம்பிப்பது?

ஒரே ஒரு பழைய கணனியுடன் ஆரம்பியுங்கள். அதை முழுசாகக் கழற்றி முழுசாகப் பூட்டத் தெரிந்த பிறகு இரண்டாவது வாங்கலாம். ஒரு நட்சத்திர ஸ்குரு டிரைவர், ஒரு தூரிகை, ஒரு மல்டிமீட்டர், ஒரு கொப்பி போதும். கொப்பியில் வரவும் செலவும் எழுதுங்கள். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்ற இடங்களில் ஒவ்வொரு பாகத்துக்கும் என்ன விலை போகிறது என்று விசாரித்து எழுதி வைக்கலாம். முடிந்தால் ஒரு கணனித் திருத்துநர் பயிற்சியும் எடுங்கள். சான்றிதழ் கையில் இருந்தால் கணனி இல்லாத இடத்திலும் வேலை கேட்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை உரப்பையோடு வந்தால் ஏசித் துரத்த வேண்டாம். பையைத் திறக்கச் சொல்லுங்கள். இதில் எது ஓடும், எது ஓடாது, எங்கே வாங்கினாய், பற்றுச்சீட்டு எங்கே என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை தொழில் கற்றுக்கொண்டிருக்கிறது. பதில் சொல்லாமல் நெருப்புப் பெட்டியைத் தேடுகிற பிள்ளையை மட்டும் நிறுத்துங்கள்.

பாடத்தைப் படித்த பின் கேட்டுப் பார்க்க:

1. ஐ5-6500 என்ற எண் எந்தத் தலைமுறையைக் காட்டுகிறது?
2. ஒரு கணனியை மூன்றாம் குவியலில் போடுமுன் என்னென்ன பார்க்க வேண்டும்?
3. மேலே போட்ட கணக்கில் ஒரு பெட்டியை 4,000க்குப் பதில் 5,500க்கு வாங்கியிருந்தால் லாபமா, நட்டமா? எவ்வளவு?
4. எரித்த செம்புக்கு ஏன் விலை குறைவு?
5. பிள்ளை பொத்தான் பெட்டரியை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது?

வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இந்தப் பாடத்தை வீட்டுப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஐந்தாவது கேள்வியின் பதிலை மட்டும் லயத்தில் எல்லா வீட்டுக்கும் சொல்லிவையுங்கள். கணனி இல்லாத வீட்டிலும் விளையாட்டுச் சாமானிலும் தராசிலும் ரிமோட்டிலும் அந்தப் பெட்டரி இருக்கிறது.